முதல் கொடி இறங்கிய நாள்

ஈரக் கதருக்கென்று ஒரு வாடை உண்டு; வடித்த கஞ்சியும் தகரத் துருவும் கலந்தாற்போல இருக்கும். ஆகஸ்டு நடுவில், மழைக்காற்று சன்னலைத் தள்ளும் காலைகளில், நாமக்கல்லில் இருக்கும் என் வீட்டில் கதர் என்று ஒரு முழமும் இல்லாதபோதும் அந்த வாடை என்னைத் தேடி வந்துவிடுகிறது. வந்தால் அன்றைய பொழுது அதற்கே போய்விடும். இந்த வயதில் அது எனக்குப் பெருஞ்சுமை.

நிகழ்ந்ததைச் சொல்லுமுன், அதற்கு முன்னால் என் நிலை என்னவாக இருந்தது என்பதைச் சொல்லிவிடுவது முறை. கொல்லிமலையின் நாட்டுப் பிரிவுகளில் ஒன்றான பெரக்கரை நாட்டைச் சேர்ந்த எங்கள் சிற்றூருக்கு ஊர்க்கவுண்டராக இருந்தவர் என் தாயின் தந்தை, என் அப்புச்சி. ஊரில் ஓராசிரியர் பள்ளி திறக்கப்பட்டு ஓராண்டு முடிந்திருந்தது. அதில் நான் 'சட்டாம்பிள்ளை'. வாத்தியார் இல்லாத வேளைகளில் வாய்பாடு சொல்லவைப்பதும், பேசுகிறவர்களின் பெயரைப் பலகையில் எழுதுவதும் என் பொறுப்பு. பள்ளிக்கென்று சர்க்கார் கொடுத்திருந்த ஒரே தகரப்பெட்டி எங்கள் வீட்டில்தான் இருந்தது. அதன் சாவி கறுப்புக் கயிற்றில் கோக்கப்பட்டு என் கழுத்தில் தொங்கியது. எனக்கு வயது பத்து. மற்றப் பிள்ளைகள் என்னைச் 'சின்னக் கவுண்டரே' என்று கூப்பிடுவார்கள். கேலி என்று தெரிந்தும் நான் திரும்பிப் பார்ப்பேன்.

இவற்றைத் தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. அதே பள்ளியில் இவ்வாண்டு புதிய கொடிமேடை ஒன்று கட்டுகிறார்கள். அதில் பதிக்கவிருக்கும் கல்லில் என் பெயர் வரும் என்றும், பெயருக்குக் கீழே ஒரு வாசகம் வரும் என்றும், அழைப்பிதழ் கொண்டுவந்த இளைஞர்கள் மகிழ்ச்சியோடு சொன்னார்கள். அந்நாளில் ஊரே அஞ்சி நின்றபோது, பத்து வயதுச் சிறுவனாகிய நான் துணிந்து கொடியை இறக்கி ஓர் உயிரைக் காத்தேன் என்பது அவ்வாசகத்தின் சாரம். கல்லுளி இன்னும் அந்த வரியைத் தொடவில்லை என்று கேள்வி. ஆகவே எழுதுகிறேன்.

எங்கள் ஊருக்குச் சுதந்திர தினம் என்ற ஒன்று அந்த ஆண்டுவரை வந்ததில்லை. நாடு விடுதலை பெற்றுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனால் மலைக்கு அந்தச் செய்தி உப்பைப் போலவும் மண்ணெண்ணெயைப் போலவும் தலைச்சுமையாகத்தான் ஏறி வந்தது. எங்கள் பக்கத்திற்கு அப்போது ரோடு கிடையாது. காளப்பநாயக்கன்பட்டிப் பக்கம் இறங்கும் ஒற்றையடிப் பாதை ஒன்றே வழி. அந்த வழியாகத்தான் எங்கள் வாத்தியார் திங்கட்கிழமை ஏறிவந்து வெள்ளிக்கிழமை இறங்கிப் போவார். கீழ்நாட்டுக்காரர், மெலிந்தவர், மலையேறி வந்த அன்று முழுவதும் இருமுவார்.

ஆகஸ்டு பதினைந்துக்குப் பத்து நாள் முன்பு அவர் அப்புச்சியிடம் வந்து, பள்ளிக்கு முன்னால் ஒரு கம்பம் நட அனுமதி கேட்டார். அப்புச்சி வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார்.

"கொடி ஏத்தறீங்க, சரிங்க. அது எந்தச் சாமிக்குங்க?"

வாத்தியார் நல்ல மனிதர். விளக்கிச் சொல்ல முற்பட்டால் பொழுது போய்விடும் என்று நினைத்திருக்க வேண்டும். கையில் கிடைத்த உவமையை எடுத்துக்கொண்டார். "உங்க அம்மனுக்குக் காப்புக் கட்டிக் கொடி ஏத்தறீங்கள்ல கவுண்டரே, அது மாதிரிதானுங்க இதுவும். இது பாரதத் தாய்க்கு."

அந்தப் பதில் அப்புச்சிக்கு முழு நிறைவைத் தந்தது. "அப்படீன்னா சுத்தபத்தமா செய்யோணும்" என்றார்.

இவ்விடத்தில் எங்கள் ஊர் வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். ஊர் அம்மனுக்கு நோன்பு சாட்டி, காப்புக் கட்டி, மஞ்சள் கொடியை ஏற்றிவிட்டால், அந்தக் கொடி இறங்கும்வரை ஊரார் எவரும் எல்லைக்கல்லைத் தாண்டக் கூடாது. சாவுக்கும் போகக் கூடாது, சந்தைக்கும் போகக் கூடாது. வெளியூரிலிருந்து வந்தவர்களை மட்டும் இந்தக் கட்டு கட்டாது. ஏற்றிய கைதான் இறக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. இவ்விரண்டையும் காப்பது ஊர்க்கவுண்டரின் கடமை. காக்கத் தவறினால் அவர் கவுண்டர் அல்லர்.

இதனால் நேர்ந்த துன்பமும் உண்டு. மூன்று ஆண்டுகளுக்கு முன், அம்மன் கொடி நின்ற நாட்களில், எங்கள் கீழைத்தெருவைச் சேர்ந்த ஒருவரின் மகளுக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. அவரை ஊரில் 'மூங்கில்காரர்' என்று சொல்வார்கள். மூங்கில் வெட்டுவதில் அவருக்கு நிகரில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அப்புச்சியின் வாசலில் வந்து நின்று, கீழே கொண்டுபோக உத்தரவு கேட்டார். அப்புச்சி, "ரெண்டு நாள்ல கொடி எறங்கீரும், அம்மன் பாத்துக்குவா" என்றார். மறுநாள் பிள்ளை இறந்துபோயிற்று. மூங்கில்காரர் அப்புச்சியை ஒரு சொல் சொல்லவில்லை. அதன் பிறகு எங்கள் வாசல் வழியாக நடப்பதை மட்டும் நிறுத்திக்கொண்டார்.

கொடிக்கான கதர்த் துணியைக் கீழ்நாட்டுச் சேந்தமங்கலத்தில் ஒரு பாயின் ஜவுளிக்கடையில் வாங்கி, வாத்தியார் தம் பையில் வைத்துக் கொண்டுவந்தார். மூங்கில் கம்பத்தைப் பெண்கள் மஞ்சள் நீரால் கழுவி, வேப்பிலை கட்டினார்கள். இரண்டு நாள் ஊரில் கவிச்சி சமைக்கவில்லை. வாத்தியார் இவற்றையெல்லாம் பார்த்துச் சிரித்தாரே தவிரத் தடுக்கவில்லை. கூட்டம் வந்தால் போதும் என்று அவருக்கு இருந்தது.

கூட்டம் வந்தது. சாமைக் காட்டில் களை கிடக்க, ஊர் முழுவதும் வந்தது. எல்லாரும் செருப்பைத் தொலைவிலேயே கழற்றிவிட்டு வந்தார்கள். வாத்தியார் கயிற்றை இழுத்தார், மடிப்புக்குள் வைத்திருந்த சாமந்திப் பூக்கள் மூடுபனிக்குள்ளிருந்து தலைமீது உதிர்ந்தன, பெண்கள் குலவையிட்டார்கள், கிழவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் 'ஜெய்ஹிந்த்' என்றேன். பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள். என் வாழ்நாளில் அதன் பிறகு எத்தனையோ கொடியேற்றங்களில் மேடைமீது நின்றிருக்கிறேன். அன்று அடைந்த உயரத்தை எந்த மேடையும் எனக்குத் தரவில்லை.

வாத்தியார் கொண்டுவந்த மிட்டாய் பிள்ளைகளுக்கு அளவானது. பெரியவர்களும் பிரசாதம் என்று கை நீட்டியதால் பாதிப் பிள்ளைகளுக்குக் கிடைக்காமல் போயிற்று. முகம் சுண்டி நின்றவர்களிடம், "மத்தியானம் எல்லாருக்கும் பலாச்சுளை உண்டு" என்று நான் அறிவித்தேன். யாரும் என்னை அறிவிக்கச் சொல்லவில்லை. அறிவிப்பது அப்போது எனக்குப் பழகிவிட்டிருந்தது.

வாத்தியார் அன்றே கீழே இறங்க வேண்டியிருந்தது. சேந்தமங்கலத்தில் மாலையில் மேலதிகாரி வரும் விழாவில் தலைகாட்ட வேண்டும் என்றார். போகும்போது என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்: "நான் ரெண்டு நாள் கழிச்சுத்தான் வருவேன். பொழுது எறங்கறதுக்குள்ள கொடிய எறக்கி, மடிச்சு, பெட்டியில வெச்சிரு. மழை வந்தா ஒடனே எறக்கிரு. முன்னாடியே எறக்கினாலும் குத்தமில்ல. ஒன்ன நம்பித்தான் போறேன்." நான் சாவியைத் தொட்டுக் காட்டித் தலையாட்டினேன். அவ்வளவையும் என்னிடம் மட்டுமே சொன்னார். ஊராரிடமும் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

பலாப்பழத்துக்கு நான் மாமனிடம் போனேன். அப்புச்சியின் ஒரே மகன், என் தாயின் தம்பி. அப்போது இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். நான் எது கேட்டாலும் மறுக்கத் தெரியாதவர். ஆடிக் கடைசி, மரத்தில் உச்சிக்கொப்பில் மட்டும் இரண்டு காய்கள் நின்றன. பட்டை முழுவதும் பாசி. "சட்டாம்பிள்ளை உத்தரவு போட்டாச்சு, ஏறாம முடியுமா?" என்று சொல்லிக்கொண்டே ஏறினார். முதல் பழம் விழுந்தது. இரண்டாவதற்குக் கையை நீட்டியவர், பழத்தோடு வந்து விழுந்தார்.

தொடையெலும்பு முறிந்து தோலைக் கிழித்து வெளியே தெரிந்தது. ஊரில் எலும்புக்குப் பச்சிலை கட்டுபவர் வந்து பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "இது நம்ம கையில இல்லீங்க. இருட்டறதுக்குள்ள சேந்தமங்கலத்து ஆஸ்பத்திரியில சேக்கோணும். ரத்தம் நிக்க மாட்டேங்குது."

கம்பளியை மூங்கில் கொம்புகளில் கோத்து 'டோலி' கட்டினார்கள். நான்கு பேர் தூக்கினார்கள். கூப்பிடாமலே வந்து முன்கொம்பில் தோள் கொடுத்தவர் மூங்கில்காரர். பள்ளிக்குக் கீழே, பாதை சரிவில் இறங்கும் இடத்தில் எல்லைக்கல் இருந்தது. அங்கே வந்ததும் அவர் நின்றார். அவர் நின்றதால் எல்லாரும் நின்றார்கள்.

"கொடி நிக்குதுங்களே" என்றார்.

திரும்பிப் பார்த்தோம். மூடுபனி கலைந்து, பள்ளியின் முன்னால் கொடி நன்றாகத் தெரிந்தது.

"அது கெவர்மெண்டுக் கொடிப்பா. அம்மன் கொடியில்ல" என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

"காப்பு மாதிரின்னு வாத்தியாரே சொன்னாரில்ல? நீயும் நானுமா சொன்னோம்?"

"அப்ப அந்த வாத்தியாரு மட்டும் எப்படி எல்லை தாண்டிப் போனாராம்?"

"அவரு கீழ்நாட்டாளு. நம்ம காப்பு அவரைக் கட்டாது. ஏத்துன கையி வேற அவரோடது. இப்ப ஆரு எறக்கறது?"

"ஏத்தும்போது கொலவை போட்டீங்கல்ல, இப்பவும் போடுங்க, தானா எறங்கட்டும்" என்று ஒருவர் எரிச்சலோடு சொல்ல, இரண்டு பேர் சிரித்துவிட்டு உடனே வாயை மூடிக்கொண்டார்கள். டோலிக்குள்ளிருந்து மாமனின் குரல் வந்தது: "ஏனுங்க, ஒண்ணு கொடிய எறக்குங்க, இல்லாட்டி என்னைய எறக்குங்க. ரெண்டுல ஒண்ணச் சுருக்காப் பண்ணுங்க." சொல்லிவிட்டுப் பல்லைக் கடித்தார்; அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது.

அனைவரும் அப்புச்சியைப் பார்த்தார்கள். அவர் தம் மகனைப் பார்க்கவில்லை, மூங்கில்காரரைப் பார்த்தார். மூங்கில்காரர் பழிவாங்க நின்றார் என்று பிற்காலத்தில் சிலர் சொன்னதை நான் ஏற்கவில்லை. அவர் முகத்தில் பழி இல்லை. விதி எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அவர் பிள்ளை எதற்காகச் செத்தது என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் போய்விடும். அப்புச்சிக்கும் அது விளங்கியிருந்தது. "அன்னிக்கு அவனுக்குச் சொன்ன ஞாயந்தான் இன்னிக்கு எனக்கும்" என்றார். கம்பளியின் அடிப்பக்கம் நனைந்து, எல்லைக்கல்லின் பக்கத்தில் மண்ணில் சொட்டிக்கொண்டிருந்தது.

பிறகு அப்புச்சி என் பக்கம் திரும்பினார். கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்து, குனிந்து, நான் அதுவரை கேட்டறியாத ஒரு தணிந்த குரலில் கேட்டார்.

"ஏன் சாமி, வாத்தியாரு கொடியப் பத்தி ஒங்கிட்ட ஏதாச்சும் சொல்லீட்டுப் போனாரா?"

அவர் கேட்டது கேள்வியன்று, கெஞ்சல். ஊர் முழுவதையும் கட்டியாண்ட ஒருவர் பத்து வயதுப் பேரனிடம் ஒரு சொல்லை யாசித்து நின்றார். அந்தச் சொல் என்னிடம் இருந்தது.

"இல்லீங்க அப்புச்சி" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்கு நான் ஆயுள் முழுவதும் காரணம் தேடியிருக்கிறேன். கல்லூரியில் தாவரவியல் படித்து, அதையே முப்பது ஆண்டுகளுக்கு மேல் கற்பித்தவன். ஒன்றின் வேரைத் தேடுவது எனக்குத் தொழில். ஆனால் இந்த வேர் ஆழத்தில் இல்லை. நான் ஆமாம் என்றால், கயிற்றை நான்தான் அவிழ்க்க வேண்டியிருக்கும். அம்மன் குற்றம் என்று ஏதேனும் வந்தால் அது என் கைமேல் வரும். மாமன் எதற்காக மரம் ஏறினார் என்ற பேச்சும் கூடவே வரும். காலையில் 'ஜெய்ஹிந்த்' சொல்லி நின்ற இடத்தில் அந்தப் பேச்சு எழுவதை நான் விரும்பவில்லை. பத்து வயதிலேயே எனக்குக் காப்பதற்கு ஒரு பெயர் இருந்தது. அவ்வளவுதான் காரணம்.

அப்போதுதான் அத்தை வந்தார். மாமனின் மனைவி. மலையின் வேறொரு நாட்டுப் பிரிவிலிருந்து எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. கொடியேற்றத்திற்குப் பிறகு எதிர்ச்சரிவில் சாமைக் களைக்குப் போயிருந்தவர், செய்தி கேட்டு, களைக்கொத்தைக் கையில் பிடித்தபடியே ஓடிவந்தார். டோலிக்குள் ஒருமுறை பார்த்தார்.

"எதுக்கு நிக்கறீங்க?"

கொடி நிற்பதாக ஒருவர் சொன்னார். ஏற்றிய கை கீழே போய்விட்டதாக இன்னொருவர் சொன்னார்.  அத்தை களைக்கொத்தை எல்லைக்கல்லின் மீது வைத்துவிட்டு, பள்ளியை நோக்கி நடந்தார். ஓடவில்லை, நடந்தார். பெண்களில் யாரோ "வேண்டாம் பிள்ளே" என்றார்கள். கம்பத்தில் கட்டியிருந்த முடிச்சு பனியில் இறுகிப் போயிருந்தது. விரலால் அவிழ்த்துப் பார்த்தார், வரவில்லை. குனிந்து பல்லால் கடித்து இழுத்தார். கொடி தடுக்கித் தடுக்கி இறங்கியது. அதை எப்படி மடிப்பது என்று அவருக்குத் தெரியாது. தரையில் படாமல் இரு கையிலும் வாங்கி, குழந்தைத் துணியைச் சுருட்டுவதுபோலச் சுருட்டிக்கொண்டு வந்தார். வந்து, அப்புச்சியைக் கடந்து, நேரே என்னிடம் நீட்டினார்.

"உன்ற பெட்டியில வெச்சுக்க கண்ணு."

பிறகு அப்புச்சியிடம் சொன்னார்: "மாமா, கொடி எறங்கீருச்சுங்க. குத்தம் என்னோடது. தூக்கச் சொல்லுங்க."

 மூங்கில்காரர் கொம்பைத் தோள் மாற்றிக்கொண்டு எல்லைக்கல்லைத் தாண்டினார். முதல் அடி வைத்தவர் அவர்தான். ஈரக் கதரை மார்போடு அணைத்துக்கொண்டு நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அந்த வாடை என்னைப் பிடித்தது அப்போதுதான்.

அடிவாரத்தில், வாழைத்தார் ஏற்ற வந்திருந்த சேந்தமங்கலத்து பாய் ஒருவர் ஏற்றிய தார்களையெல்லாம் இறக்கிப்போட்டுவிட்டு மாமனைத் தம் லாரியில் கொண்டுபோனார் என்று பிற்பாடு அறிந்தோம். மாமன் பிழைத்தார். ஒரு கால் மூன்று விரற்கடை குட்டையாயிற்று. அந்தக் காலோடு நாற்பது ஆண்டுகள் மிளகும் காபியும் பயிரிட்டு வாழ்ந்தார். மரம் மட்டும் ஏறவில்லை.

மாமனும் அத்தையும் திரும்பி வந்த வாரத்தில் ஊர் கூடியது. விதி ஒன்றுதான் என்பதால் தண்டனையும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டியிருந்தது. மூன்று ஆண்டுகளுக்கு அத்தை அம்மனுக்குப் பொங்கல் வைக்கக் கூடாது. காப்புக் கட்டிய நாட்களில் ஊர் எல்லைக்குள் இருக்கவும் கூடாது. தம் மகனைக் காப்பாற்றிய மருமகளுக்கு இந்தத் தீர்ப்பை அப்புச்சியே சொன்னார். அன்றிரவு அவர் சாப்பிடவில்லை என்று என் தாய் சொல்லக் கேட்டிருக்கிறேன். மூன்று நோன்புக்கும் அத்தை மூட்டை கட்டிக்கொண்டு பிறந்த ஊருக்குப் போனார். நான்காம் ஆண்டு பொங்கல் வைத்தபோது எந்தச் சடங்கும் மறந்துவிடவில்லை என்று காட்டுவதைப்போல எல்லாருக்கும் முன்னதாக அடுப்பு மூட்டினார்.

வாத்தியார் சொன்னபடி இரண்டு நாளில் திரும்பி வந்து பெட்டியைத் திறக்கச் சொன்னார். கொடி உள்ளே இருந்தது; நான் அதற்குள் அதை மடித்தும் வைத்திருந்தேன். "சொன்னபடி செஞ்சிருக்கே" என்று முதுகில் தட்டினார். நான் மறுக்கவில்லை. சர்க்கார் கொடியை ஊர்ப் பெண் ஒருத்தி இறக்கினாள் என்று தெரிந்தால் என்ன வருமோ என்று ஊராரும் அஞ்சினார்கள். ஆகவே அவர்களும் மறுக்கவில்லை. அடுத்த ஆண்டு என்னைக் கீழே விடுதியில் சேர்ப்பதற்காக வாத்தியார் எழுதிய கடிதத்தில், பொறுப்பும் துணிவும் உள்ள மாணவன் என்று இருந்தது. அந்தக் கடிதத்தின் பலத்தில்தான் நான் படித்தேன். பட்டம் பெற்றேன். எங்கள் ஊரில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். கதை என்னைவிட வேகமாக வளர்ந்தது. வாத்தியார் ஓய்வு பெறும் வரை ஒவ்வொரு விழாவிலும் அதைச் சொன்னார். அவருக்குப் பின் வந்தவர்கள், அவர் சொன்னதைவிட நன்றாகச் சொன்னார்கள்.

ஒவ்வோர் ஆகஸ்டிலும் என்னை அழைப்பார்கள். கொடியேற்றுவேன். துண்டு போர்த்துவார்கள். கூட்டத்தின் கடைசி வரிசையில் அத்தை மிட்டாய்க்குக் கை நீட்டி உட்கார்ந்திருப்பார். சில ஆண்டுகளுக்கு முன், விழா முடிந்து அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது, அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னார்: "வருசா வருசம் துண்டு வாங்கிக்கறயே மாப்ளே, ஒண்ண எனக்குக் குடுத்தா குளுருக்கு ஆகுமில்ல?"

தோளில் கிடந்ததை எடுத்துக் கொடுத்தேன். விரித்துப் பார்த்து, சரிகைக் கரையைத் தடவி, போர்த்திக்கொண்டார்.

"அத்தை, அடுத்த வருசம் மேடையில நடந்ததச் சொல்லீரலாம்னு இருக்கறேன்" என்றேன்.

"என்னத்தச் சொல்லப் போறே?"

"கொடிய நீங்கதான் எறக்குனீங்கன்னு."

"அது ஊருக்கே தெரியுமே. ஊருக்குத் தெரியாதது ஒண்ணு இருக்குதில்ல, அதச் சொல்லுவியா?" அடுப்பிலிருந்து முகத்தைத் திருப்பாமலே சொன்னார். "அப்புச்சி ஒன்னக் கேட்டப்ப நான் சரிவுல ஏறி வந்துக்கிட்டுத்தான் இருந்தேன். கழுத்துச் சாவிய இறுக்கிப் புடிச்சுக்கிட்டு இல்லீங்கன்னு சொன்னே. மறைக்க ஒண்ணுமில்லாத பையன் எதுக்குச் சாவியப் புடிக்கறான்னு அப்பவே நெனச்சேன். சரி உடு. காபி குடிக்கறயா?"

காபி குடித்தேன். அடுத்த ஆண்டு மேடையில் வழக்கம்போலப் பேசினேன். அதற்கடுத்த ஆண்டும் அப்படியே. சென்ற மார்கழியில் அத்தை காலமானார். அந்தத் துண்டைத்தான் மேலே போர்த்தியிருந்தார்கள், சரிகை கறுத்திருந்தது.

இப்போது மலைக்கு எழுபது வளைவுகளோடு ரோடு இருக்கிறது; எங்கள் ஊர்வரை பஸ் போகிறது. ரோட்டை அகலப்படுத்தியபோது எல்லைக்கல்லைப் பெயர்த்துப் போட்டார்கள். எங்கே போயிற்று என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. பலாமரம் இருந்த இடத்தில் விடுதி கட்டியிருக்கிறார்கள். வார இறுதியில் கார்கள் நிற்கின்றன. அம்மன் கொடி ஏறிய நாட்களிலும் பிள்ளைகள் திருப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறார்கள், எவரும் தடுப்பதில்லை, தடுக்க ஊர்க்கவுண்டர் என்று இப்போது யாரும் இல்லை. மூங்கில் கம்பம் போய் இரும்புக் குழாய் வந்தது. இனி அதற்கும் பளிங்கு மேடை வரப்போகிறது. கொடியும் கதர் இல்லை. நனைந்தால் வாடை வராத ஏதோ துணி. விடுதலை நாள் எனக்கு என்ன பொருள் தருகிறது என்று அழைப்பிதழ் கொண்டுவந்த இளைஞர்கள் கேட்டார்கள். களைப்பைத் தருகிறது என்று சொல்ல நா எழவில்லை. எழுதித் தருவதாகச் சொல்லி அனுப்பினேன். எழுதியாயிற்று.

கல்லில் வரவிருக்கும் வாசகம் தவறு. அன்று கொடியை இறக்கியவன் நான் அல்லன், என் அத்தை. இறக்கினால் குற்றமில்லை என்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.